மாற வேண்டியது கற்பிக்கும் முறையே: கோத்தகிரி பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

'டிஜிட்டல் காலத்துப் பள்ளிக்கு முதலில் தேவை புதிய கருவிகளா, புதிய கற்பித்தல் முறையா?' இதுதான் தலைப்பு. கற்பித்தல் முறையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், கேட்டதும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு என்று வரிசையாக எடுத்து வைத்தார். "ஆசிரியர் வரத் தயங்கும் மலைக்கிராமத்துக்கும் திரை வந்து சேர்ந்துவிடும்" என்றார். அது கனமான வாதம். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு எண்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, கேள்வி பதில்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் டவர் கிடைக்காது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்த பிறகுதான் போனே கைக்கு வரும். ஒரு பெண் அந்தப் போனைப் பால் கவரில் சுற்றிக்கொண்டு, தேயிலைச் சரிவில் ஏறி, பாறை மேல் நின்று அனுப்புவாள். சாயங்காலம் ஆறு மணி, மஞ்சு இறங்குகிற நேரம், காட்டெருமை நடமாடுகிற இடம்.

அப்படி வந்த போட்டோவைத் திறந்தேன். 'தாவரங்கள் ஒலிச்சேர்க்கை மூலம் உணவு தயாரிக்கின்றன' என்று எழுதியிருந்தாள். ஒளி இல்லை, ஒலி. அடுத்த நோட்டிலும் ஒலி. 31 நோட்டிலும் ஒலிச்சேர்க்கை. அவசரத்தில் நான்தான் அப்படித் தட்டியிருந்தேன். "செடிக்கு எதற்கு மிஸ் சத்தம்?" என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடுவர் அவர்களே, போன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. நான் கொடுத்ததைச் சுமந்து போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது. 'பார்த்து எழுது' என்று கரும்பலகை முன்னால் நாங்கள் பழக்கிய பழக்கம்தான் பாறை வரைக்கும் ஏறிப் போயிருக்கிறது. அந்தக் கையில் டேப்லெட் இருந்திருந்தாலும் ஒலிச்சேர்க்கைதான் வந்திருக்கும்.

பெரு நாட்டில், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்குக் கணினிகளை வாரி வழங்கினார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகளுக்குக் கணினியைக் கையாளத் தெரிந்திருந்தது, பொதுவான சிந்தனைத் திறனிலும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை.

சரி, முறை மாறினால் என்ன நடக்கும்? நம் மலையிலேயே பாடம் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும், 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பஸ்ஸில் போகும்போது எல்லாரும் பார்க்கிறோம். ஒரு வருஷம் எட்டாம் வகுப்பை அங்கே அழைத்துப் போனேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "இந்தச் சரிவு எத்தனை டிகிரி? கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு குழுக்கள் கோணமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டன. ஒன்றுக்கு 11 வந்தது, இன்னொன்றுக்கு 12. மூன்றாவது குழு என் போனை வாங்கி, பலகை மேல் படுக்க வைத்து அளந்தது. அது 9 என்றது. பெரிய சண்டை. "போன் எப்படி மிஸ் தப்பு சொல்லும்?" என்றான் ஒருவன். ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "கேமரா துருத்திக்கிட்டு இருக்கு, அதனால போனே சாய்ஞ்சுதான் படுத்திருக்கு" என்றாள். போனைப் பக்கவாட்டில் நிறுத்தி அளந்தார்கள். 11.

அட்லஸை எடுத்து ஊட்டியின் அட்சரேகையைப் பார்க்கச் சொன்னேன். அதுவும் 11 சொச்சம். அந்த நிமிஷம் அத்தனை பேரும் வாயடைத்து நின்றதை நான் மறக்க மாட்டேன். சரிவும் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால், வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் அந்தத் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். அதற்காகத்தான் தேடித் தேடி இந்த மலைச்சரிவைப் பிடித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவன் கேட்டான்: "அப்போ டெல்லியில கட்டணும்னா 28 டிகிரி சரிவு வேணுமா மிஸ்?"

மறுநாள் பூமி சுழலும் வீடியோவைப் போட்டேன். மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்கள். முந்தின வருஷம் அதே வீடியோவுக்குப் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன், வீடியோ எதையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நடுவர் அவர்களே. கேள்வி பிறந்த பிறகு அவை வர வேண்டும் என்கிறேன். போன் அரை நிமிஷத்தில் விடை சொல்லும் கேள்வியையே இன்றைக்கும் வினாத்தாளில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோமே, அதை மாற்றாமல் வகுப்பில் எந்தத் திரையை மாட்டி என்ன பயன்?

இப்போது எதிரணியின் அந்தக் கனமான வாதம். ஆசிரியர் வராத ஊருக்குத் திரை வரும். 2019-லேயே கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது. ஊரடங்கில் நம் மாநிலம் அதை முழுக்க நம்பியது, அது நல்ல வேலையும் செய்தது. ஆனாலும் விட்டுப்போனதைப் பிடிக்க 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத்தான் தெருத் தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. சாயங்கால நேரம், திண்ணையில், கொஞ்சம் பிள்ளைகளோடு ஓர் அக்கா. ஏன்? வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிற குழந்தை, பணியர் பழங்குடி வீட்டுக் குழந்தை, பாடப்புத்தகத் தமிழில் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். முகத்தைப் பார்த்து, வேறு சொல்லைப் போட்டு, அதற்கும் விழித்தால் வெளியே கூட்டிப்போய் இலையைக் காட்டுவார்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒன்றே ஒன்று. ஆசிரியர் போகாத ஊரில் திரையை மாட்டுங்கள், நானே வந்து ஆணி அடிக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை "செடிக்கு எதற்குச் சத்தம்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியைக் காதில் வாங்க அங்கே யாரை உட்கார வைக்கப் போகிறீர்கள்? உங்கள் அடுத்த பேச்சாளர் அதைச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.