பில்ட் கேட்காதீர்கள், காரணம் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேம் பக்கமே போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரனையோ சூனியக்காரியையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். அரக்கர்களை வீழ்த்துகிறீர்கள். அவர்கள் சிந்திவிட்டுப் போகும் வாள், கவசம், மோதிரத்தையெல்லாம் பொறுக்கி அணிகிறீர்கள். பலம் கூடுகிறது, கூடவே அதைவிடப் பெரிய அரக்கனும் வந்து நிற்கிறான். 2000-ஆம் ஆண்டு வந்த டயாப்லோ 2 இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது. அதன் பிறகு வந்தவை அந்த இலக்கணத்தின் மேல் உரை, உரைக்கு உரை என்று அடுக்கிக்கொண்டே போய்விட்டன.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைலைப் பாருங்கள். அதன் திறன் மரத்தில், அதாவது பாத்திரத்தின் பலங்களைத் தேர்ந்தெடுக்கும் கிளை கிளையான வரைபடத்தில், ஏறத்தாழ 1,300 முனைகள். அவற்றைத் திறக்க உங்கள் பாத்திரத்துக்குக் கிடைப்பதோ நூற்றுச் சொச்சம் புள்ளிகள். எங்கே தொடங்கி எந்தக் கிளையில் போவது என்று விளையாட்டு வாய் திறக்காது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் யாரோ போட்ட வழிகாட்டி வீடியோவைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பார்கள். இப்போது அந்த இடத்துக்குச் சாட்பாட் வந்திருக்கிறது. பாத்திரத்தை எப்படி வளர்ப்பது என்ற முழுத் திட்டத்துக்குத்தான் பில்ட் என்று பெயர். "புதியவனுக்கு நல்ல பில்ட் ஒன்று சொல்" என்று கேட்டால் போதும், மரம், ஆயுதம், கவசம் என்று முழுப் பட்டியலையும் கொடுத்துவிடும்.

அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டாம் என்கிறேன். சாட்பாட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அதனிடம் இருக்கும் பொருள்களிலேயே மட்டமானது இந்தப் பட்டியல்தான்.

அது எதில் கெட்டி என்பதை முதலில் சொல்கிறேன். ஒரு புதியவர் முதல் ஐந்து அத்தியாயங்களை மளமளவென்று முடித்துவிட்டார். ஆறாவதில் கால் வைத்ததும் தொட்டதற்கெல்லாம் செத்து விழுகிறார். "நான் ஏன் சாகிறேன்?" என்று மொட்டையாகக் கேட்டால், "உயிர்ப்புள்ளியைக் கூட்டுங்கள், கவனமாக நகருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக ஏதாவது வரும். அதற்குப் பதிலாகத் தன் பாத்திரத்தின் விவரத் திரையில் இருக்கும் எண்களைத் தட்டிக் கொடுத்துக் கேட்கட்டும். நெருப்புக்கு எதிர்ப்பு 75, குளிருக்கு 15, மின்னலுக்கு 20. பதில் வேறு மாதிரி வரும்.

பாத் ஆஃப் எக்ஸைலில் ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில் இந்த எதிர்ப்புகள் ஒவ்வொன்றிலும் 30 கழிந்துவிடும். பத்தாவதின் முடிவில் மேலும் 30 போகும். சாதாரண உச்சவரம்பு 75. அந்த 75-இல் நின்றால் நூறு அளவு அடியில் 25 மட்டும் உடம்பில் இறங்கும். 15-இல் நின்றால் 85 இறங்கும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். திரையில் சிறிய எண் வித்தியாசமாகத் தெரிவது களத்தில் உயிர் போகிற வித்தியாசம். இந்தக் கணக்கைப் பொறுமையாக, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்குவதில் சாட்பாட்டுக்கு நிகர் அதுவேதான். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்களிடம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்ற பார்வை வரும். புதியவர்கள் கேட்கவே கூச்சப்படுவது அதனால்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த விளையாட்டில் சேதத்தைக் கூட்டும் வரிகள் இரண்டு விதம். ஒன்றில் 'இன்கிரீஸ்ட்' என்று இருக்கும், மற்றொன்றில் 'மோர்' என்று இருக்கும். முதல் வகை எல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்டு ஒரே ஒரு முறை பெருக்கப்படும். இரண்டாம் வகை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெருக்கும். உங்களிடம் ஏற்கெனவே முதல் வகையில் 200 விழுக்காடு இருக்கிறது, அடிப்படைச் சேதம் 100 என்றால் இப்போது 300. அதே வகையில் இன்னொரு 40 விழுக்காடு வந்தால் 340 ஆகும். இரண்டாம் வகையில் 40 வந்தால் 420 ஆகும். இது பிடிபட்டுவிட்டால் கீழே கிடக்கும் ஆயுதத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் எண்களையே கொடுத்து, "இந்த இரண்டில் எது எனக்குக் கூடுதல், கணக்கோடு காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். படிப்படியாக எழுதிக் காட்டும், நீங்களும் கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சறுக்குவது எங்கே? பெயர்களிலும் பதிப்புகளிலும்தான்.

2024 டிசம்பரில் பாத் ஆஃப் எக்ஸைல் 2, முழுமையடையும் முன்பே ஆட விடும் முன்னோட்ட அணுகலில் வந்தது. முதல் விளையாட்டும் கூடவே நடந்துகொண்டிருக்கிறது. பொருள்களின் பெயர்கள் பல இரண்டிலும் ஒன்றே, வேலை மட்டும் வேறு. கேயாஸ் ஆர்ப் என்ற நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விளையாட்டில் அதை ஓர் அரிய பொருளின் மேல் போட்டால் அதிலுள்ள பண்புகள் எல்லாம் கலைந்து, புதியவை அந்த இடத்தில் வந்து உட்காரும். இரண்டாவதில் ஏதோ ஒரு பண்பு மட்டும் போய், வேறொன்று வரும். சாட்பாட் இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஒரு பண்பு பிடிக்கவில்லையா? கேயாஸ் ஆர்ப் போடுங்கள்" என்றால், முதல் விளையாட்டை ஆடுகிறவரின் நல்ல கவசம் நாசம். பாத்திரத்துக்குத் திறன்களைத் தரும் திறன் கற்களும் அப்படித்தான். முதலாவதில் அவற்றைக் கவசத்தில் உள்ள துளைகளில் பதிக்க வேண்டும், அந்தத் திறனுக்கு வலுச் சேர்க்கும் துணைக் கற்கள் வேலை செய்யத் துளைகள் இணைந்திருக்க வேண்டும். இரண்டாவதில் துணைக் கற்கள் அந்தந்தத் திறனோடேயே சேர்ந்துவிடும், கவசத் துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டயாப்லோ 4-இலும் இதே கதை. 2023-இல் வெளிவந்தபோது உச்ச லெவல் 100. 2024 அக்டோபரில் அதை 60 ஆக்கி, பாரகன் என்ற வளர்ச்சிப் புள்ளிகளின் முறையையே மாற்றினார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான குறிப்புகள் இணையத்திலேயே கிடக்கின்றன. சாட்பாட் இவற்றையெல்லாம் ஒன்றாகப் படித்துத்தான் பேசக் கற்றிருக்கிறது. பத்து வருட விவாதமும் நேற்றைய மாற்றமும் அதன் தலைக்குள் ஒரே குடத்து நீராகக் கலந்துகிடக்கும். அதனால் பழைய விடையையும் புதிய விடையையும் ஒரே உறுதியோடு சொல்லும். சில நேரம் இல்லாத வாளுக்கு அழகான பெயரும் சூட்டிவிடும். இணையத்தில் தேடிச் சொல்கிற சாட்பாட்டுகள் இதில் கொஞ்சம் தேவலை. என்றாலும் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்கி, அந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எனவே நான் பழக்கப்படுத்திக்கொண்ட முறை இது: சாட்பாட்டின் நினைவை நம்பாமல், திரையில் இருப்பதை அதற்கு ஊட்டுவது. பாத் ஆஃப் எக்ஸைலை கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பொருளின் மேலும் சுட்டியை வைத்து கண்ட்ரோல்-சி அழுத்தினால் அதன் விவரம் முழுதும் எழுத்தாக நகலாகும். அதைச் சாட்பாட்டில் ஒட்டி, விளையாட்டின் பெயர், முதலாவதா இரண்டாவதா, பதிப்பு எண் என்ன என்று எழுதி, பிறகு கேளுங்கள். "இதில் உள்ள வரியை மட்டும் வைத்துப் பேசு, வெளியிலிருந்து எதையும் சேர்க்காதே" என்றும் சொல்லிவிடுங்கள். உளறல் பெரிதும் குறைகிறது.

கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சாட்பாட்டுகளுக்கு மனம் கோணாமல் பேசும் குணம் அதிகம். "இந்தக் கோடரி நல்லதுதானே?" என்றால் "அருமையான தேர்வு!" என்று ஆரம்பிக்கும். துருப்பிடித்த கத்தியைக் காட்டினாலும் ஏறக்குறைய அதே பாராட்டுதான். ஆகவே இரண்டு ஆயுதங்களை ஒட்டி, "இதில் மோசமானது எது, ஏன்?" என்று கேளுங்கள். அல்லது "என் பாத்திரத்தில் முதலில் உடையப்போகிற இடம் எது?" என்று கேளுங்கள்.

சரி, பில்ட் எங்கே கிடைக்கும்? நடப்புப் பருவத்துக்கென்று, அதாவது விளையாட்டில் இப்போது ஓடும் சுற்றுக்கென்று, ஆட்டக்காரர்கள் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கும் வழிகாட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சரிபார்க்க பாத் ஆஃப் பில்டிங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ரசிகர்களே உருவாக்கிய திறந்த மூல நிரல் அது. உங்கள் மரம், கற்கள், கவசம் எல்லாவற்றையும் வைத்துச் சேதத்தையும் தற்காப்பையும் கணக்கிட்டுத் தரும். வழிகாட்டியை வாசிக்கும்போது "இங்கே ஏன் இந்தக் கிளைக்குப் போகிறார்?" என்ற கேள்வி எழுமே, அதற்குத்தான் சாட்பாட். காரணம் தெரிந்துவிட்டால், வழிகாட்டி சொல்லும் பொருள் கிடைக்காதபோது அதே வேலையைச் செய்கிற வேறொன்றை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். வெறுமனே நகல் எடுத்தவர் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்.

எல்டன் ரிங் போல, வழியை நாமே தேடிக் கண்டுபிடிக்க விடும் விளையாட்டுகளுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். அங்கே குழம்புவதும் தொலைவதும்தான் பாதிச் சுகம். விடையைச் சொல்லாமல் ஒரு சிறு குறிப்பு மட்டும் கொடு என்று சாட்பாட்டுக்கு முதலிலேயே கட்டளை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கதையின் முடிவு வரை கொட்டிவிட்டுத்தான் ஓயும்.

கடைசியாக, புதிய பருவம் தொடங்கும் நாள். பாத் ஆஃப் எக்ஸைலில் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய லீக் வருகிறது, கூடவே மாற்றக் குறிப்புகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அன்றைக்குச் சாட்பாட்டின் நினைவில் அது எதுவுமே இருக்காது. குறிப்பு முழுவதையும் அதில் ஒட்டி, "நான் ஆடப்போவது இந்தத் திறன், இந்த வகுப்பு, என்னைத் தொடும் மாற்றங்களை மட்டும் எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஒரு மணி நேர வாசிப்பைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும். நீளமான குறிப்பில் அது ஒன்றிரண்டு வரிகளை விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே அசல் பக்கத்தைத் திறந்து உங்கள் திறனின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டு, அது வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை உருவாக்குங்கள்.

நன்றி, வணக்கம்.