இது எந்தச் சால்வினியா? முடியைப் பார்த்தால் தெரியும்

வணக்கம். இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். மீன் தொட்டிக்கு வாங்கிய செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வந்தபோது இரண்டே துண்டு, இப்போது கிண்ணம் கொள்ளவில்லை. ஆகாயத்தாமரையா என்றால், இல்லை. அதற்குக் காம்பு உப்பியிருக்கும், ஊதாப் பூ பூக்கும். இது பூக்கவே பூக்காது, பெரணி இனம். பெயர் சால்வினியா.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை. இரண்டு பச்சையாக மிதக்கின்றன. கீழே பழுப்பாகத் தொங்குகிறதே, அதை வேர் என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் மூன்றாவது இலை. நானும் ரொம்ப நாள் வேர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, சால்வினியாவிலும் பல இனம் உண்டு. பெரும் தொல்லை மொலெஸ்டா. இலையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடம் தாராளமாக இருந்தால் சின்னதாக, தட்டையாக இருக்கும். நெருக்கடி வந்தால் அதே செடி பெரிதாகி, நடுவில் மடிந்து நிமிர்ந்துவிடும். இலைமேல் இருக்கும் முடியைத்தான் பார்க்க வேண்டும். இளம் இலையாக எடுங்கள், முதிர்ந்ததில் முடி உடைந்திருக்கும். லென்ஸ் வைத்ததும் தெரிகிறதா? ஒரே காம்பிலிருந்து நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றுசேர்கிறது. அச்சு அசல் முட்டை அடிக்கும் கம்பி! மினிமா, நட்டான்ஸ் இனங்களில் நுனி சேராது, விரிந்தே நிற்கும்.

ஆனால் ஆரிகுலாட்டா என்ற நெருங்கிய சொந்தத்துக்கும் நுனி சேர்ந்துதான் இருக்கும். அதில் ஆய்வாளர்களே ஏமாந்தார்கள். மொலெஸ்டாவை வெகுகாலம் ஆரிகுலாட்டா என்றே நினைத்து, ஆரிகுலாட்டாவைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பலிக்கவில்லை. 1972இல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். அப்புறம் அதன் பூர்வீகத்தைத் தென்கிழக்குப் பிரேசிலில் கண்டுபிடித்து, அங்கிருந்த கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அரிசி மணியைவிடச் சின்ன வண்டு! இரண்டு வருஷம் ஆவதற்குள் ஏரியை மூடிக்கிடந்த மொலெஸ்டாக் காட்டைத் தின்று தீர்த்துவிட்டது.

அதனால், நுனி சேர்ந்திருந்தால் நான் மொலெஸ்டா என்றே வைத்துக்கொள்வேன். இதன் வித்துகள் முளைக்காது. உடைந்த துண்டுதான் பரவும், ஒரு மொட்டு இருந்தால் போதும். ஆகவே கிண்ணத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப்போவதில்லை. செடியை வடிகட்டி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுவேன். தண்ணீரை மண்தொட்டியில் ஊற்றிவிடலாம். வலையையும் அலசிக் காயவைக்க வேண்டும், போன தடவை அதில்தான் ஒரு துண்டு ஒளிந்துகொண்டிருந்தது.