கஞ்சாவைப் பற்றி எந்த வேட்பாளரிடம் என்ன கேட்பது

எல்லோருக்கும் வணக்கம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதில் எந்த வேட்பாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நியூ ஜெர்சியின் இந்த ஹாலில் ஓட்டுரிமை வாங்கியவர்கள் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், எச்1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டுக்காக வருடக்கணக்காக வரிசையில் காத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இதில் ஓட்டு இல்லாதவர்களுக்குத்தான் இந்த விஷயம் அதிகம் சுடும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயது வந்த ஒருவர் கையில் கொஞ்சம் கஞ்சா இருந்தது என்பதற்காக அவரைக் கைது செய்து, குற்றப்பதிவு எழுதி, வேலையும் வாடகை வீடும் கிடைக்காமல் அலையவிடுவது அநியாயம். நான் அதைத் தொட்டதில்லை, என் பிள்ளைகளும் தொடக்கூடாது என்றுதான் வீட்டில் சொல்கிறேன். ஆனால் என் வீட்டுக் கண்டிப்பு வேறு, ஊரான் பிள்ளையைச் சிறையில் வைப்பது வேறு. ஏசிஎல்யு என்ற குடியுரிமைகளுக்கான அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.64 மடங்கு. பயன்படுத்துவது இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், கைது மட்டும் அப்படி இல்லை.

சரி, வேட்பாளர்களுக்கு வருவோம். அதிபர் தேர்தல் வந்தால் எல்லோரும் அதிபர் வேட்பாளரையே பார்க்கிறோம். அவர் ஆதரவா எதிர்ப்பா என்று தெரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறோம். போதவே போதாது. 1970இல் நிக்சன் காலத்தில் வந்த கூட்டாட்சிச் சட்டம், அதாவது நாடு முழுக்கச் செல்லும் சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில், மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் போதைப்பொருள்களின் பட்டியலில், வைத்தது. 1972இல் அரசே அமைத்த ஆணையம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது, நிக்சன் ஏற்கவில்லை. அந்தச் சட்டத்தை ஒரு கையெழுத்தில் நீக்கும் அதிகாரம் எந்த அதிபருக்கும் கிடையாது, அது காங்கிரஸின், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின், வேலை. ஆகவே ஒருவர் என்ன பதவிக்கு நிற்கிறார், அந்தப் பதவிக்கு இதில் எவ்வளவு கை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கெனவே ஒரு பதவியில் இருந்தபோது என்ன செய்தார் என்பது இரண்டாவது. மேடையில் என்ன சொல்கிறார் என்பதை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அவர் மீது ஒரு சொந்தபந்த உணர்வு உண்டு, எனக்கும் உண்டு, அதற்காக அவர் வரலாற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2010இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்துகொண்டு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றபோது, கலிஃபோர்னியாவில் கஞ்சாவை அனுமதிக்கும் வாக்கெடுப்பை எதிர்த்தார். 2018இல் செனட்டராக, நம் நியூ ஜெர்சி செனட்டர் கோரி புக்கர் கொண்டுவந்த சட்டபூர்வமாக்கும் மசோதாவில் சேர்ந்துகொண்டார். 2020இல் துணை அதிபர் வேட்பாளரானதும் பைடனின் நிலைக்கு, அதாவது குற்றமாக்காமல் விடுவோம் என்ற அளவுக்கு, இறங்கி வந்தார். 2024 அக்டோபரில் சட்டபூர்வமாக்குவேன் என்றார். மனம் மாறுவது தப்பில்லை. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் நேரடியாகக் கையில் இருந்த காலத்தில் அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

டிரம்ப் 2016இல் மாநிலங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். பதவிக்கு வந்த பிறகு, 2018 ஜனவரியில், அவருடைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், அனுமதித்த மாநிலங்களில் தலையிட வேண்டாம் என்று ஒபாமா காலத்தில் 2013இல் கொடுத்திருந்த வழிகாட்டுதலை ரத்து செய்தார். ஆறு வருடம் கழித்து, ஃப்ளோரிடா வாக்கெடுப்பில் ஆதரவாக ஓட்டுப் போடப் போவதாக அதே டிரம்ப் அறிவித்தார். அவர் கட்சிக்காரரான ஆளுநர் டிசாண்டிஸ் அதைக் கடுமையாக எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். சுமார் 56 சதவீதம் பேர் ஆதரித்தும் அது தோற்றது, ஏனென்றால் அங்கே 60 சதவீதம் வேண்டும். ஆகவே கட்சியை வைத்து ஒருவரின் நிலையை ஊகித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பைடனும் டிரம்பும் அதிபராகக் கையில் எடுத்தது அட்டவணை மாற்றம். பைடன் அரசு 2024 மே மாதம் கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற முறைப்படி முன்மொழிந்தது. டிரம்ப் 2025 டிசம்பரில் அதை விரைவுபடுத்தச் சொல்லி ஆணையிட்டார். இதனால் கஞ்சா நிறுவனங்களுக்கு வரிச்சுமை குறையும், ஆராய்ச்சி எளிதாகும், நல்லதுதான். ஆனால் மூன்றாம் அட்டவணையில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். சிறையில் இருப்பவர் இதனால் வெளியே வர மாட்டார். அட்டவணை மாற்றத்தை ஆதரிக்கிறேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அவர் சட்டபூர்வமாக்குவதை ஆதரிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நம் மாநிலம். ஃபில் மர்ஃபி 2017இல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது, வந்த 100 நாளில் சட்டபூர்வமாக்குவேன் என்றார். 2018 ஜனவரியில் பதவியேற்றார். 100 நாள் போனது, ஒரு வருடமும் போனது. 2019 மார்ச்சில் மாநில செனட்டில் போதிய ஓட்டு இல்லை என்று மசோதாவை வாக்கெடுப்புக்கு விடாமலே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் கட்சிக்குத்தான் அங்கே பெரும்பான்மை. நம்மில் எத்தனை பேருக்கு நம் மாநில செனட்டரின் பெயர் தெரியும், சொல்லுங்கள்? மர்ஃபியின் வாக்குறுதி அங்கேதான் மாட்டிக்கொண்டது. கடைசியில் 2020 நவம்பரில் மக்களிடமே கேட்டார்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றார்கள். 2021 பிப்ரவரி 22 அன்று சட்டம் கையெழுத்தானது, 2022 ஏப்ரல் 21 அன்று விற்பனை தொடங்கியது. சட்டத்தோடு வந்த இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: நீதிமன்றங்கள் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கஞ்சா வழக்குகளைத் தாங்களாகவே அழித்தன. யாரும் வக்கீல் வைத்து மனுப் போட வேண்டியிருக்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு ஊருக்கும் கிடைத்தது, பெரும்பாலான ஊர்கள் வேண்டாம் என்றன. அதைத் தீர்மானித்தது சில நூறு ஓட்டில் ஜெயிக்கும் டவுன் கவுன்சில் உறுப்பினர்கள். பள்ளிக்கு எத்தனை அடி தள்ளிக் கடை இருக்க வேண்டும் என்று கவலைப்படும் பெற்றோர் போய்க் கேட்க வேண்டிய இடமும் அந்தக் கவுன்சில் கூட்டம்தான். வழக்குப் போடும் கவுன்டி பிராசிக்யூட்டரை இங்கே ஆளுநர் நியமிக்கிறார், வேறு பல மாநிலங்களில் அதற்கும் தேர்தல் உண்டு. அங்கே உறவினர்கள் இருந்தால் அந்த வேட்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன், கவனமாகக் கேளுங்கள். குடியேற்றம் முழுக்கக் கூட்டாட்சிச் சட்டம். நியூ ஜெர்சியில் கடைக்குப் போய், ரசீது வாங்கி, வரி கட்டி வாங்கினாலும், குடியுரிமை இல்லாதவருக்கு அது கூட்டாட்சிச் சட்டத்தை மீறிய செயல்தான். தண்டனையே வேண்டாம், அதிகாரியிடம் பயன்படுத்தியதாக முறைப்படி ஒப்புக்கொண்டாலே விசாவோ கிரீன் கார்டோ மறுக்கப்படலாம். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை இன்னும் தெளிவாகவே எழுதியது: மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்த்தாலும்கூட, குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லை என்று முடிவு செய்யலாம். அந்த நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதவும் மென்பொருள் செய்யவும் ஆள் எடுக்கிறார்கள், நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வக்கீலிடம் கேட்காமல் அதில் சேர வேண்டாம். மாநில நீதிமன்றம் பதிவை அழித்தாலும் குடியேற்றச் சட்டத்தின் கண்ணுக்குப் பொதுவாக அது அப்படியே இருக்கும், அதையும் மறக்காதீர்கள். பைடன் 2022 அக்டோபரில் பொதுமன்னிப்பு கொடுத்தாரே, அதுவும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எச்1பி-யில் இருப்பவரும் மாணவ விசாவில் இருப்பவரும் அதில் வரவில்லை. கல்லூரி விடுதி அறையில் தப்பு செய்யும் இருபத்தொரு வயதுப் பையனுக்கு, பக்கத்துக் கட்டில் நண்பனுக்கு வராத ஆபத்து வருகிறது. பாஸ்போர்ட்டின் நிறம் மட்டும்தான் வித்தியாசம். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

இதை மாற்றக்கூடியவர்கள் காங்கிரஸ் வேட்பாளர்கள்தான். மோர் சட்டம் என்ற மசோதா ஒன்று உண்டு. கஞ்சாவை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டு, பழைய பதிவுகளை அழித்து, கஞ்சாவைக் காரணம் காட்டிக் குடியேற்ற உரிமைகளை மறுக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. காங்கிரஸின் இரண்டு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபை அதை 2020 டிசம்பரில் 228க்கு 164 என்ற கணக்கிலும், 2022 ஏப்ரலில் 220க்கு 204 என்ற கணக்கிலும் நிறைவேற்றியது. இரண்டு முறையும் மற்றொரு அவையான செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. ஆகவே சபைக்கோ செனட்டுக்கோ நிற்பவர் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால், கஞ்சாவை ஆதரிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அந்தக் குடியேற்றப் பிரிவு உள்ள மசோதாவில் கையெழுத்திடுவீர்களா, அந்தப் பிரிவை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு நாளும் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பெயர் பெயராகச் சபையின் இணையதளத்தில் இருக்கிறது. வெளியே மேசையில் என் மடிக்கணினி திறந்திருக்கிறது, உங்கள் தொகுதி எது என்று சொன்னால் இப்போதே சேர்ந்து பார்த்துவிடலாம்.