தாய்லாந்து ரிட்டயர்மெண்ட் விசா: 8 லட்சம் பாத் இருந்தா மட்டும் போதுமா?

[திரையில்: மேஜை மேல ஒரு பாஸ்புக், பக்கத்துல காலண்டர்]

வணக்கம்ங்க. இந்தா கையில இருக்கறது என்னோட தாய்லாந்து பேங்க் பாஸ்புக், அக்கவுண்ட் நம்பர மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கேன். போன வருஷம் இதத் தூக்கிட்டு விசா நீட்டிக்க இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போனப்ப கவுன்டர்ல இருந்த அம்மா ஒவ்வொரு வரியா பென்சில வச்சு எண்ணுனாங்க. எண்ணி முடிச்சுட்டு "58" னாங்க, நான் என்னமோ என் வயசக் கேக்கறாங்கன்னு தலையாட்டிட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது, 8 லட்சம் பாத் முழுசா என் அக்கவுண்ட்ல இருந்து 58 நாள்தான் ஆகுது, 60 நாள் ஆகணும். பணம் இருக்கு, ஆனா ரெண்டு நாள் கம்மி. தப்பு முழுக்க என்னோடதுதான். நல்லவேளை பாஸ்போர்ட்ல இதுவரைக்கும் தங்கலாம்னு போட்ட ஸ்டாம்ப் முடிய இன்னும் பத்து நாள் இருந்துச்சு, போயிட்டு திரும்பி வந்தேன்.

இந்த வீடியோ அதுக்குத்தான். கமெண்ட்ல எல்லாரும் "எவ்ளோ பணம் வேணும்"னுதான் கேக்கறீங்க, "எந்தத் தேதியில இருக்கணும்"னு ஒருத்தர்கூட கேக்கல.

சரி மொதல்ல அடிப்படை. வயசு 50 முடிஞ்சிருக்கணும். ரெண்டு ரூட் இருக்கு. ஒண்ணு, ஓ-ஏ விசா, இத இந்தியாவுல இருந்தே எடுக்கணும். 2025 ஜனவரியில இருந்து எல்லாம் ஆன்லைன் இ-விசாதான், நம்ம சைடுக்கு சென்னையில இருக்கற தாய்லாந்து துணைத் தூதரகம் பாக்கும். இதுக்கு போலீஸ் க்ளியரன்ஸ் வேணும், மெடிக்கல் சர்டிபிகேட் வேணும், அதுல தொழுநோய், டிபி, யானைக்கால், போதைப் பழக்கம், முத்திப்போன சிஃபிலிஸ் இதெல்லாம் இல்லன்னு டாக்டர் எழுதித் தரணும் (இந்த லிஸ்ட்டப் படிச்சுட்டு எங்க டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க). பேங்க் பேலன்ஸ இந்தியா அக்கவுண்ட்லயே காட்டலாம், அது ஒரு பெரிய வசதி. ஆனா 30 லட்சம் பாத் கவரேஜ் இருக்கற ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம். 55 வயசுல அது ஒரு செலவு அவ்ளோதான், 70 தாண்டுனவங்களுக்கு ப்ரீமியம் கேட்டாலே பிபி ஏறும். இன்னொரு விஷயம், இன்சூரன்ஸ் ஆறு மாசத்துல முடியுதுன்னா உங்களுக்கு போடற ஸ்டாம்பும் அந்தத் தேதியோட நின்னுரும், அதனால பாலிசிய புதுசா ரினியூ பண்ணிட்டு பிளைட் ஏறுங்க.

ரெண்டாவது ரூட், சாதாரண ஓ விசா. 90 நாளுக்குத் தருவாங்க, தாய்லாந்துக்குள்ள வந்தும் மாத்திக்கலாம், ஃபீஸ் 2000 பாத். அந்த 90 நாள்ல கடைசி 30 நாளுக்குள்ள டிஎம் 7 ஃபார்ம் போட்டு, 1900 பாத் கட்டி, ஒரு வருஷம் நீட்டிக்கணும். அப்புறம் வருஷா வருஷம் இதேதான். இதுல இன்சூரன்ஸ் கேக்க மாட்டாங்க, அதுக்குப் பதிலா 8 லட்சம் பாத்தும் தாய்லாந்து பேங்க்லயே கிடக்கணும். நான் வந்தது இந்த ரூட்தான். கேக்கலன்னு சொல்லி இன்சூரன்ஸ் இல்லாமலேயே இருந்துராதீங்க, அது வேற கதை.

[திரையில்: ஒரு வருஷ காலண்டர், ரெண்டு கலர்]

இப்ப காலண்டருக்கு வருவோம். அப்ளை பண்ற தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே 8 லட்சம் உள்ள இருக்கணும், அது சிவப்பு. நீட்டிப்பு கெடச்சதுக்கு அப்புறமும் மூணு மாசம் அதத் தொடக்கூடாது, அதுவும் சிவப்பு. ஆக வருஷத்துல அஞ்சு மாசம் அந்தப் பணம் உங்க பணமே இல்ல, சாமிக்கு முடிஞ்சு வச்ச காசு மாதிரி. மீதி ஏழு மாசம் மஞ்சள், அப்ப எடுத்து செலவு பண்ணலாம், ஆனா 4 லட்சத்துக்குக் கீழ ஒரு நாள் போனாலும் அடுத்த வருஷம் மாட்டிக்குவீங்க. நான் என்ன பண்ணேன், மஞ்சள்ல எடுத்து செலவு பண்ணிட்டு திரும்ப நிரப்பறப்ப ரெண்டு நாள் லேட். அவ்ளோதான் நடந்துச்சு.

அக்கவுண்ட் உங்க ஒருத்தர் பேர்ல மட்டும் இருக்கட்டும், ஜாயிண்ட் வேண்டாம். போற அன்னைக்குக் காலையில பேங்க்ல லெட்டர் வாங்கி, அக்கவுண்ட்ல ஒரு நூறு பாத் போட்டு பாஸ்புக்ல அன்னைக்குத் தேதி விழற மாதிரி என்ட்ரி போட்டுட்டுப் போங்க. நேத்து தேதி இருந்தா சில பேரு திருப்பி அனுப்பிருவாங்க.

டெபாசிட் வேண்டாம்னா மாசம் 65,000 பாத் வருமானம் காட்டலாம். ஒரு பாத் ரெண்டரைக்கும் மூணு ரூபாய்க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கு, அப்ப மாசம் ஒண்ணே முக்கால் லட்சம் ரூபாய் பக்கம், நம்ம ஊரு பென்ஷன்ல இது எத்தனை பேருக்கு வரும்னு நீங்களே சொல்லுங்க. பென்ஷனும் டெபாசிட்டும் சேத்து வருஷத்துக்கு 8 லட்சம் காட்டற வழியும் இருக்கு.

பணம் அனுப்பறது தனி கூத்து. 8 லட்சம் பாத்னா 20ல இருந்து 24 லட்சம் ரூபாய். ஒரு ஆளு ஒரு நிதியாண்டுல ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதுல பிரச்சனை இல்ல. ஆனா 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற பணத்துக்கு பேங்க்ல 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, புடிச்சுருவாங்க, ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், இல்ல ரீபண்ட் வாங்கலாம், போயிராது, ஆனா அதுவரைக்கும் கையில இருக்காது. அதனால மார்ச்ல 10 லட்சம், ஏப்ரல்ல 10 லட்சம்னு பிரிச்சு அனுப்பறவங்க நிறைய. அதுவும் நல்ல ஐடியாதான், ஆனா 60 நாள் கணக்கு முதல் தவணையில இருந்து ஓடாது, 8 லட்சம் முழுசா சேர்ந்த அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும். பணம் வெளிநாட்டுல இருந்து வந்துச்சுன்னு பேங்க்ல பேப்பரும் வாங்கி வச்சுக்குங்க.

அப்புறம் நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிஞ்சு சர்நேம் ஆயிருக்கும், இல்லன்னா சர்நேம் காலியா இருக்கும், இந்தியா பேங்க்ல வெறும் எஸ். முருகேசன்னு இருக்கும். இங்க ஃபார்ம்ல குடும்பப் பேரு எங்கன்னு கேப்பாங்க, நமக்கு ஏது குடும்பப் பேரு? கெளம்பறதுக்கு முன்னாடியே பேங்க், பென்ஷன் ஆர்டர் எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து மாத்திருங்க.

வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர்றவங்க கவனிங்க. அவங்களுக்கு தனியா இன்னொரு 8 லட்சம் தேவையில்ல, உங்கள சார்ந்தவங்கன்னு நீட்டிப்பு வாங்கலாம், 50 வயசும் ஆகியிருக்க வேண்டாம். ஆனா கல்யாண சர்டிபிகேட் வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டத்துக்கு அப்புறம்தான் பதிவு கட்டாயம் ஆச்சு, நம்ம செட்டு ஆளுங்க கல்யாணத்துக்கு இருக்கற ஒரே ஆதாரம் மஞ்சள் தடவுன பத்திரிகையும் மொய் நோட்டும்தான். இப்பவே போய் பதிவு பண்ணுங்க, பேரன் பேத்தி எடுத்த வயசுல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஜோடியா நிக்க வெக்கப்படாதீங்க, எங்க வீட்ல வெக்கப்பட்டு வெக்கப்பட்டே மூணு மாசம் போச்சு. அதுக்கப்புறம் வெளியுறவுத் துறை அட்டெஸ்டேஷன், தாய் மொழிபெயர்ப்பு.

"ஏன் மலேசியா போகல, அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே வரி, அங்க எம்எம்2எச்னு சொல்ற நீண்ட கால விசாவுல சில்வர் வகைக்கே ஒன்றரை லட்சம் டாலர் டெபாசிட், கூடவே 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கணும். இங்க வாடகை வீடு போதும். தமிழ் சத்தம் கேக்கணும்னா பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருவேன், 1879ல வைத்தி படையாட்சி கட்டுனது, நவராத்திரிக்கு தாய்க்காரங்க கூட்டத்துல நாமதான் ஓரமா நிக்கணும்.

ஏஜென்ட் பத்தி. "பேங்க்ல பணமே வேண்டாம், நாங்க போட்டுக் காட்டறோம்"னு சொல்றவங்க இருக்காங்க. என் கருத்து, ஓடிருங்க. விசா உங்க பாஸ்போர்ட்ல இருக்கு, மாட்டறது நீங்க. ஃபார்ம் நிரப்பித் தரவும் வரிசையில கூட நிக்கவும் ஆளு வச்சுக்கலாம், அது தப்பில்ல. இந்த விசாவுல வேலை பாக்கவும் கூடாது, தெரிஞ்சவர் ஹோட்டல்ல கல்லாவுல சும்மா உக்காந்தாக்கூட வம்புதான்.

வந்து செட்டில் ஆனதும், நீங்க அங்க தங்கியிருக்கீங்கன்னு வீட்டு ஓனரு 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷன்ல டிஎம் 30 பதியணும், அந்த ரசீத வாங்கி வைங்க. 90 நாளுக்கு ஒருக்கா நான் இங்கதான் இருக்கேன்னு நீங்களும் இமிக்ரேஷனுக்கு சொல்லணும், தேதிக்கு 15 நாள் முன்னாடியில இருந்து 7 நாள் பின்னாடி வரைக்கும் டைம், விட்டா 2000 பாத் ஃபைன்.

கடைசியா, நிறைய பேரு மொத்தமா கோட்டை விடற இடம் ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது வெளிய போயிட்டு அதே விசாவுல திரும்பி வர முன்கூட்டியே வாங்கற அனுமதி. ஒரு வருஷ நீட்டிப்பு வாங்கிட்டோம்னு நிம்மதியா இருப்போம், ஊருல இருந்து ராத்திரி போன் வரும், பெரியம்மா போயிட்டாங்கன்னு, கெடச்ச பிளைட்ல ஓடுவோம். பர்மிட் இல்லாம எல்லைய தாண்டுன நொடியே அந்த நீட்டிப்பு செத்துப்போச்சு, 60 நாள், 90 நாள் எல்லாம் முதல்ல இருந்து. ஒரு தடவைக்கு 1000 பாத், வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணா போய்ட்டு வர 3800. சுவர்ணபூமி ஏர்போர்ட்லயே கவுன்டர் இருக்கு, டிஎம் 8 ஃபார்மும் ஒரு போட்டோவும் கேப்பாங்க. அந்த நேரத்துல போட்டோவுக்கு எங்க போறது? பாஸ்போர்ட் கவருக்குள்ளயே சொருகி வச்சிருங்க, நான் நாலு வச்சிருக்கேன்.