நகமுராவோட ஃப்ரீ கிக் கிளிப் ஏன் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு?

[திரையில்: செல்டிக் பார்க், இரவு. பந்து அசையாம இருக்கு.]

2006 நவம்பர் 21, கிளாஸ்கோ. ஐரோப்பிய கிளப் கால்பந்துப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல ஸ்காட்லாந்தோட செல்டிக்கும் இங்கிலாந்தோட மான்செஸ்டர் யுனைடெட்டும். 81ஆவது நிமிஷம் வரைக்கும் கோல் விழலை. கோலிலிருந்து சுமார் 27 மீட்டர்ல ஃப்ரீ கிக், அதாவது எதிரணி தப்பு பண்ணினதுக்காகப் பந்தை நிறுத்தி வெச்சு அடிக்கிற வாய்ப்பு. செல்டிக்கோட ஜப்பான் வீரர் ஷுன்சுகே நகமுரா இடது காலால அடிக்கிறார். பந்து மேல் மூலையில போய் விழுது, யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சாரால ஒண்ணும் செய்ய முடியலை. 1-0. செல்டிக் முதல் தடவையா கடைசி 16 அணிகள்ல இடம் பிடிச்ச ராத்திரி அது.

அதே வருஷம் செப்டம்பர் 13ல யுனைடெட்டோட மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுலயும் அதே கோல்கீப்பருக்கு எதிரா ஃப்ரீ கிக்ல கோல் போட்டிருந்தார். அந்த ஆட்டம் 3-2ன்னு கைவிட்டுப் போச்சு, கோல் மட்டும் நிலைச்சுடுச்சு.

நகமுரா 2022ல, 44 வயசுல ஓய்வு பெற்றார். இன்னிக்கும் அவர் பேரைத் தேடினா முதல்ல வர்றது இந்த ரெண்டு கோலும்தான். காரணம் ரொம்ப எளிசு. நல்ல பாஸ் ஒண்ணு புரியணும்னா அதுக்கு முந்தின அரை நிமிஷம் வேணும். ஃப்ரீ கிக்குக்கு முன்கதை வேண்டாம், மொழி வேண்டாம். நின்ன பந்து, வரிசையா மறிச்சு நிக்கிற எதிரணி வீரர்கள்ங்கிற சுவர், வலை: பத்து நொடியில எல்லாம் கண்ணு முன்னாடி.

[திரையில்: மேலிருந்து வரைபடம். பந்து, சுவர், கோல்.]

இப்போ அந்த அடியைப் பார்ப்போம். சுவர் 9.15 மீட்டர்ல நிக்குது, அதாவது பாதையில மூணுல ஒரு பங்கு. பந்து அங்க சுவரோட தலைக்கு மேல இருக்கணும், கோலுக்கு வரும்போது 2.44 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழ இறங்கியிருக்கணும். அதனால வெறும் பலம் போதாது, சுழற்சி வேணும்.

நகமுரா வலப்பக்கத்திலிருந்து சாய்வா ஓடி வருவார். பெருவிரல் அடிப்பகுதியை ஒட்டின உள்பாதம் பந்தோட இடப்பக்கத்தை உரசி மேல இழுக்கும். மேலிருந்து பார்த்தா பந்து கடிகார முள் திசையில சுழலும். காற்று அதை வலப்பக்கம் தள்ளும். பந்தோட வேகம் குறையக் குறைய வளைவு கூடும். கடைசி சில மீட்டர்ல பந்து திடீர்னு திரும்புற மாதிரி தெரியறதுக்கு அதுதான் காரணம்.

எல்லாரும் இடது காலையே பார்ப்பாங்க. நீங்க வலது காலைப் பாருங்க. ஊன்றுற கால் பந்தை விட ரொம்ப முன்னாடி போனா பந்து எழும்பாது, சுவர்லயே மோதும். பின்தங்கினா உடம்பு சாயும், பந்து கம்பத்துக்கு மேல பறக்கும். பந்தோட நடுவுல அடிச்சா சுழற்சியே கிடைக்காது.

[திரையில்: ஒரே கிளிப், அகலமாவும் செங்குத்தாவும்.]

கிளிப்புலயும் ஒரு சிக்கல் உண்டு. அகலமான 16:9 படத்தை ஃபோனுக்காக செங்குத்தா 9:16ஆ வெட்டினா அகலத்துல மூணுல ஒரு பங்கு கூட மிஞ்சாது. சுவரோ கோல்கீப்பரோ, யாராவது ஒருத்தர் காணாமப் போயிடுவாங்க. அப்புறம் வளைவை எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது? சில பதிவுகள் கண்ணாடி மாதிரி இடவலம் மாறியும் இருக்கும். நகமுரா வலது காலால அடிக்கிறதாத் தெரிஞ்சா, அது திருப்பிப் போட்ட கிளிப்.

முழு அகலப் பதிவாத் தேடி எடுங்க. வேகத்தை 0.25ல வெச்சு, வலது கால் தரையைத் தொடுற இடத்துல நிறுத்துங்க. அந்த நொடியில வான் டெர் சார் எங்க நிக்கிறார்னு பாருங்க.