வீட்டுத் தோட்டத்தில் செங்காந்தள்

அனைவருக்கும் வணக்கம். செங்காந்தள் நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்பதும் இதே செடிதான். தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் விதைக்காகவே வயல் வயலாகக் கண்வலிக்கிழங்கு போடுகிறார்கள். வீடுகளிலோ, கிழங்கு வாங்கி வைத்தவர்கள் பலரும் "முளைக்கவே இல்லை" என்கிறார்கள். மண்ணைக் குறை சொல்லுமுன் கிழங்கின் நுனியைப் பாருங்கள்.

இரண்டு கிளையாகக் கவைத்த கிழங்கு அது. கிளைக்கு ஒரு கண், அதுவும் நுனியில் மட்டும். உருளைக்கிழங்குபோல வெட்டி நட முடியாது. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை வீண். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக எடுங்கள். சிறியது அந்த ஆண்டு வெறும் இலையோடு நின்றுவிடும்.

ஆனி, ஆடியில் நடலாம். 12 அங்குலத் தொட்டி, அடியில் நல்ல துளை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கிழங்கைப் படுக்கவைத்து 5 முதல் 7 செ.மீ. மண் மூடுங்கள். முளை தெரியும்வரை லேசான ஈரம் போதும். அதிகம் ஊற்றினால் அழுகும். கொடி படர்வதற்கான கொம்பைக் கிழங்கு நடும்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் கிழங்கில் படும். இலை நுனிதான் இதற்குப் பற்றுக்கம்பி. தடித்த மூங்கிலை அதனால் சுற்ற முடியாது. விளக்குமாற்றுக் குச்சியோ கம்பிவலையோ வேண்டும்.

கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளியுள்ள புழு ஒன்று இலையை மொட்டையடிக்கும். நாலைந்து தொட்டிக்கு மருந்தெல்லாம் எதற்கு? கையுறை போட்டுப் பொறுக்கிவிடலாம்.

பூத்து முடிந்து இலை மஞ்சளாகும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. செடி வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அது ஓய்வுக்குப் போகிறது, தண்ணீரை நிறுத்துங்கள். பழைய கிழங்கு சுருங்கி, புதுக்கிழங்கு உருவாகியிருக்கும். கொடி முற்றிலும் காய்ந்தபின் நுனி ஒடியாமல் தோண்டி, உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். விதைபோட்டு வளர்த்தால் பூக்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

சேமித்த கிழங்கை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். செடி முழுக்கக் கால்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு; கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்றால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் 'நஞ்சு' என்று எழுதிப் பூட்டி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், வாந்தி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.