ஏறுன வெலை ஓடி வருது, எறங்குன வெலை எங்க நிக்குது?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தையோட வெலை இன்னொரு சந்தைக்கு எப்படி ஓடுதுன்னு பேச சொல்லிருக்காங்க, நான் நமக்கு தெரிஞ்ச ஒட்டன்சத்திரம் காய்கறி சந்தைலயே ஆரம்பிக்கிறேன்.

அங்க வர்ற காய்ல பெரும்பங்கு கேரளாவுக்குதான் லாரி ஏறுது. ஓணம் வந்தா இங்க ரேட்டு ஏறும். 2018 ஆகஸ்ட்ல அங்க வெள்ளம் வந்து ரோடு துண்டாகி ஓண வியாபாரமே படுத்துருச்சு, சொட்டு மழைகூட விழாத காட்டுல காய் பறிச்சவருக்கு இங்க அடி விழுந்துச்சு. அப்ப சந்தைங்க ஒன்னுக்கொன்னு ஒட்டித்தான் இருக்கு, அதுல சந்தேகமே வேணாம்.

ஆனா எந்தப் பக்கம் வேகமா ஓடுதுன்னு பாருங்க. மண்டில தக்காளி ஏறுனா சாயங்காலமே நம்ம தெருக்கடைல ரேட்டு மாறிடும், எறங்குனா மட்டும் "இது முந்தாநேத்து எடுத்த சரக்குண்ணே"ம்பாரு. 2023 ஜூலைல கிலோ நூறத் தாண்டி, சென்னைல ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு வித்தாங்களே, அப்ப ஏத்துன சாப்பாட்டு வெலைய எந்த ஓட்டல்காரராவது கொறச்சாரா? விவசாயிக்கு மட்டும் எறக்கம் அன்னைக்கு காலைல ஏலத்துலயே வந்து சேந்துரும்.

இப்பதான் வாட்ஸ்அப்ல எல்லா ரேட்டும் வருதேன்னு கேப்பீங்க. வருதுங்க, கோயம்பேட்டு ரேட்டு விவசாயி கைலயே இருக்கு, ஆனா பறிச்ச தக்காளிய 14 கிலோ பெட்டில அடுக்கி ஆட்டோல ஏத்தி கொண்டாந்து எறக்கியாச்சு, நாத்துக்கும் மருந்துக்கும் முன்பணம் குடுத்தது அதே கமிஷன் மண்டி, வேற மண்டிக்கு போனா அடுத்த தடவ காசு கெடைக்காது, ரேட்டு தெரிஞ்சு என்ன பண்ணுவாரு? ஈரோட்டு மஞ்சள்காரரு கத வேற. தெலங்கானால இருக்குற நிஜாமாபாத் மஞ்சள் சந்தை ரேட்டப் பாத்துட்டு, இன்னைக்கு வேணாம்னு மூட்டைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து குடோன்ல போட்டு, அதையே அடமானமா வெச்சு பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு போயிருவாரு, மஞ்சள் அழுகாது பாருங்க. அதனால ரேட்டு தெரியறதுல அவருக்கு லாபம் இருக்கு.

2024ல ரிசர்வ் பேங்க் ஆய்வுக் கட்டுரை ஒன்னு வந்துச்சு, நாம தக்காளிக்கு குடுக்குற ஒரு ரூபாய்ல சுமார் 33 பைசாதான் விவசாயிக்கு போகுதாம். மிச்சம் பூரா திருட்டுன்னு நான் சொல்லல, வாடகை, கூலி, அழுகல் எல்லாம் அதுல இருக்கு.

2016ல இ-நாம்னு மண்டிங்கள ஆன்லைன்ல இணைக்கிற தேசிய சந்தைய கொண்டாந்தாங்க, நல்ல திட்டம்தான். ஆனா ஸ்கிரீன்ல தெரியற ரேட்டுக்கு தக்காளி விவசாயி விக்கணும்னா, மொதல்ல அந்த மண்டி முன்பணத்துக்கு பதிலா கூட்டுறவு சொசைட்டில நாத்து நடறப்பவே இழுத்தடிக்காம கடன் கெடைக்கணும், ஸ்கிரீன் அப்புறம் வரட்டும்.